'போர்ட்டபிள்' என்றால் என்ன பொருள்?
வீட்டுக்கு எடுத்துச் செல்லும் மருத்துவக் கருவிகள் பற்றி நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு விளக்கம்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிகளின் குடும்பத்தாரிடம் சில கருவிகளை வாங்கி வைத்துக்கொள்ளுமாறு மருத்துவர்கள் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. சர்க்கரை நோயாளிக்கு குளுக்கோமீட்டர், மூச்சுத்திணறல் உள்ளவருக்கு நெபுலைசர் அல்லது இன்ஹேலர், நுரையீரல் நோய் முற்றியவருக்கு ஆக்சிஜன் கருவி, இதய நோயாளிக்கு ரத்த அழுத்தமானி என்று அப்பட்டியல் நீளும். அப்போது உறவினர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "போர்ட்டபிள் மிஷின் வாங்கினால் போதுமா, டாக்டர்?" விற்பனையாளர் அதே சொல்லைச் சொல்கிறார். கருவியின் பெட்டி மீதும் அதே சொல் அச்சிடப்பட்டிருக்கிறது.

இச்சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் மூன்று எண்ணங்கள் தோன்றுகின்றன. இக்கருவியை எங்கும் எடுத்துச் செல்லலாம் என்பது முதலாவது. மின்சாரம் இல்லாமலும் இது இயங்கும் என்பது இரண்டாவது. மருத்துவமனையில் உள்ள பெரிய கருவி செய்யும் வேலையை இதுவும் செய்யும் என்பது மூன்றாவது. உண்மையில் இம்மூன்றில் ஒன்றைக்கூட அச்சொல் உறுதி கூறவில்லை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு இதைக் கொண்டு செல்ல முடியும் என்பதை மட்டுமே அது தெரிவிக்கிறது. எவ்வளவு நேரம் இயங்கும், எவ்வளவு தரும், எங்கே கொண்டு செல்லக்கூடாது என்பவற்றை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டாசுத் தொழில் நிறைந்த நம் மாவட்டத்தில், கடைசிக் கேள்வி உயிரோடு தொடர்புடையது.

சொல்லும் பொருளும்

இலத்தீன் மொழியில் 'போர்த்தாரே' என்ற வினைச்சொல் சுமத்தல், கொண்டு செல்லுதல் என்று பொருள்படும். அதிலிருந்து பிறந்ததே 'போர்ட்டபிள்'. ரயில் நிலையத்தில் சுமை தூக்குபவரை 'போர்ட்டர்' என்கிறோமே, அச்சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆகவே இச்சொல்லின் அடிப்படைப் பொருள் 'சுமக்கத் தக்கது' என்பதாகும். சிறியது, இலகுவானது என்னும் பொருள்கள் நாமாக ஏற்றிக்கொண்டவை.

தமிழில் இதற்கு 'எடுத்துச் செல்லத்தக்க' என்றும் 'கையடக்க' என்றும் எழுதுகிறோம். இவ்விரண்டும் ஒன்றல்ல. கைக்குள் அடங்குவது கையடக்கம். எடுத்துச் செல்லத்தக்கவை எல்லாம் கைக்குள் அடங்கிவிடா. இலங்கைத் தமிழர் 'கையடக்கத் தொலைபேசி' என்று சொல்வதையே சிங்கப்பூர்த் தமிழர் 'கைத்தொலைபேசி' என்கின்றனர். நாம் கைபேசி, அலைபேசி, செல்பேசி என மூன்று பெயர்களை வழங்குகிறோம். கைபேசி என்னும் பெயர் அக்கருவி இருக்கும் இடத்தைச் சொல்கிறது. அலைபேசி அது இயங்கும் முறையைச் சொல்கிறது. செல்பேசியில் உள்ள 'செல்', தொலைத்தொடர்புக்காகப் பிரிக்கப்பட்ட சிறு பரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். எனினும் உடன் செல்வது என்ற தமிழ்ப் பொருளும் அதற்குப் பொருந்திவிட்டது. ஒரே கருவிக்கு இடும் பெயர் ஒவ்வொன்றும் அதன் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டுகிறது என்பதற்கு இது எளிய சான்று.

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பின் 'மடிக்கணினி' என்ற சொல் கிராமங்கள் வரை பரவியது. பெயரில் மடி இருப்பினும் அதை மணிக்கணக்கில் மடியில் வைத்துக்கொள்வது நல்லதன்று. அதன் சூட்டினால் தொடைத் தோலில் வலைப்பின்னல் போன்ற கருமை படர்வதுண்டு. சர்க்கரை நோயினால் தொடு உணர்வு குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது. அவர்கள் அதை மேசை மீதே வைத்துப் பயன்படுத்த வேண்டும்.

கருவிகளின் வரலாற்றைப் பார்த்தாலும் இச்சொல்லின் நெகிழ்ச்சி புலப்படும். அமெரிக்க அறிவியலாளர் நார்மன் ஹோல்ட்டர் 1947-இல் உருவாக்கிய, நடமாடும்போதே இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் கருவி ஏறத்தாழ 38 கிலோ எடை கொண்டது. அதை முதுகில் சுமந்து நடக்க வேண்டியிருந்தது. அக்காலத்தில் அதுவும் எடுத்துச் செல்லத்தக்க கருவிதான். இன்று அவர் பெயரால் வழங்கும் ஹோல்ட்டர் கருவி உள்ளங்கைக்குள் அடங்குகிறது. 1973 ஏப்ரல் 3 அன்று மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் நின்று பேசிய முதல் கைபேசி ஒரு கிலோவுக்கும் சற்றுக் கூடுதலான எடை உடையது. அதில் அரை மணி நேரம் பேசுவதற்குப் பத்து மணி நேரம் மின்னேற்றம் செய்ய வேண்டியிருந்தது. எடுத்துச் செல்லலாம் என்பது ஒரு செய்தி, எவ்வளவு நேரம் பயன்படும் என்பது வேறொரு செய்தி என்பதை அம்முதல் கைபேசியே காட்டிவிட்டது.

மருத்துவமனையில் இச்சொல்லின் நான்கு நிலைகள்

மருத்துவத்தில் 'போர்ட்டபிள்' என்று சொல்லப்படும் கருவிகளை நான்கு வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் நீங்கும்.

கையில் அடங்குபவை: குளுக்கோமீட்டர், இன்ஹேலர், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர்.

உடலில் அணிபவை: ஹோல்ட்டர் கருவி, இன்சுலின் பம்ப்.

தோளில் சுமப்பவை: பேட்டரியில் இயங்கும் சிறிய ஆக்சிஜன் செறிவூட்டி, சிறிய சிலிண்டர்.

உருட்டிச் செல்பவை: வீட்டு ஆக்சிஜன் செறிவூட்டி, மருத்துவமனையின் எக்ஸ்ரே வண்டி.

நான்காம் வகையைப் பற்றி உறவினர்களுக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் 'போர்ட்டபிள் எக்ஸ்ரே' எடுக்கச் சொன்னால், அது தரம் குறைந்த படமோ என்று கவலைப்படுகிறார்கள். நோயாளியை இடம் பெயர்ப்பது ஆபத்து என்னும்போது கருவியே அவரிடம் வருகிறது. வழக்கமான மார்பு எக்ஸ்ரேயில் கதிர்கள் முதுகுப்புறமிருந்து வரும். படுக்கையில் எடுக்கும்போது அவை முன்புறமிருந்து வருவதால் இதயம் சற்றுப் பெரிதாகத் தெரியும். இதை மருத்துவர் கணக்கில் கொண்டே படத்தைப் படிப்பார். நோயாளி எழுந்து நிற்கும் நிலை வந்தபின் மீண்டும் ஒரு படம் எடுக்கச் சொன்னால் அதற்கு இதுவே காரணம்.

கருவி மனிதரைத் தேடி வருவதன் நன்மையை நம் மாநிலம் நன்கு அறிந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அதற்குச் சான்று. ரத்த அழுத்தமானியும் குளுக்கோமீட்டரும் ஒரு பைக்குள் அடங்கியதால்தான் வீட்டு வாசலிலேயே பரிசோதிக்க முடிந்தது.

ஆக்சிஜன்: பெயரைக் கேளாதீர்கள், நிமிடத்தைக் கேளுங்கள்

'போர்ட்டபிள்' என்ற சொல் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது ஆக்சிஜன் கருவிகளில்தான். இப்பெயரில் விற்கப்படும் நான்கு பொருள்கள் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறானவை.

முதலாவது, மருந்துக் கடையில் கிடைக்கும் தெளிப்பான் போன்ற ஆக்சிஜன் குப்பி. இதில் பெரும்பாலும் 6 முதல் 12 லிட்டர் ஆக்சிஜனே இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் தேவைப்படும் நோயாளிக்கு இது 3 முதல் 6 நிமிடம் வரை மட்டுமே போதும். இதை நம்பி வீட்டிலேயே காத்திருப்பது பெருந்தவறு. மூச்சுத்திணறல் கூடினால் 108-ஐ அழைப்பதே முதல் வேலை.

இரண்டாவது, 'பி டைப்' சிலிண்டர். நிரம்பிய நிலையில் இதில் ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். கணக்கு எளியது: உள்ளே இருக்கும் லிட்டரை, நிமிடத்துக்கு வேண்டிய லிட்டரால் வகுத்தால் எத்தனை நிமிடம் என்பது கிடைக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். 5 லிட்டர் என்றால் 5 மணி நேரம். 10 லிட்டர் என்றால் இரண்டரை மணி நேரம். அழுத்தமானியின் முள் பாதியில் நின்றால் நேரமும் பாதியாகும். சிலிண்டர் முழுவதும் தீரும் வரை காத்திராமல், கால் பங்கு எஞ்சியிருக்கும்போதே மாற்றுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

மூன்றாவது, வீட்டு ஆக்சிஜன் செறிவூட்டி. இது சுற்றியுள்ள காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து, ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்கும் மேல் தூய ஆக்சிஜனைத் தருகிறது. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கருவிகள் பெரும்பாலும் 14 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை. அடியில் சக்கரம் இருப்பதால் அறைக்கு அறை நகர்த்தலாம். ஆனால் பேட்டரி கிடையாது. மின்சாரம் நின்ற அடுத்த கணமே ஆக்சிஜனும் நின்றுவிடும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக அறிவிக்கும் மின்தடை பல ஊர்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை நீடிக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு நிமிடம் 2 லிட்டர் வீதம் 960 லிட்டர் தேவை. நிரம்பிய 'பி டைப்' சிலிண்டர் ஒன்று வீட்டில் இருந்தால் அந்நாளை அச்சமின்றிக் கடக்கலாம். மின்தடை அறிவிப்பை முந்தைய நாளே பார்த்துவிடுவது குடும்பத்தில் ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும்.

நான்காவது, தோளில் மாட்டும் சிறிய செறிவூட்டி. உண்மையில் பயணத்துக்கென்றே அமைந்தது இதுதான். எனினும் இரு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். இவற்றில் பல, மூச்சை உள்ளிழுக்கும் கணத்தில் மட்டும் ஆக்சிஜனைச் செலுத்துபவை. அவற்றில் '2' என்ற எண்ணில் வைப்பது நிமிடத்துக்கு 2 லிட்டர் என்பதாகாது. உறங்கும்போது மூச்சு மெலிந்தாலோ வாய் வழியாக மூச்சு விட்டாலோ கருவி அதை உணராமல் போகலாம். ஆகவே வாங்கும் முன்பே நோயாளியை அக்கருவியுடன் நடக்க வைத்துப் பரிசோதிக்க வேண்டும். அடுத்தது பேட்டரி. சிவகாசியிலிருந்து மதுரைக்குச் சென்று, மருத்துவரைப் பார்த்துத் திரும்ப ஆறேழு மணி நேரம் ஆகிவிடும். நான்கு மணி நேரம் தாங்கும் ஒரே பேட்டரியுடன் கிளம்பினால் திரும்பும் வழியில் திண்டாட நேரிடும். இரண்டாவது பேட்டரியையும், காரில் மின்னேற்றும் இணைப்பையும் கருவியின் பகுதியாகவே கருதுங்கள்.

விரல்நுனியில் தெரியும் எண்

ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1970-களின் தொடக்கத்தில் கண்டறிந்த முறையே பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படை. சிவப்பொளியும் அகச்சிவப்பொளியும் விரலை ஊடுருவிச் செல்லும்போது ரத்தம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு ஆக்சிஜன் அளவை அது கணிக்கிறது. கோவிட் காலத்தில் இக்கருவி வீடுதோறும் நுழைந்தது. அதன் பின் அதில் தெரியும் எண்ணை முழு உண்மையாகக் கொள்ளும் பழக்கமும் வந்துவிட்டது.

விரல் குளிர்ந்திருந்தாலும், நகச்சாயம் பூசியிருந்தாலும், கை நடுங்கினாலும் எண் தவறலாம். கருமையான தோல் உடையவர்களுக்கு உண்மையான அளவைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டக்கூடும் என்பதை 2020-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு உறுதிப்படுத்தியது. எல்லோருக்கும் ஒரே எண் இலக்கும் அன்று. நீண்டகாலப் புகைபிடிப்பாலோ அடுப்புப் புகையாலோ நுரையீரல் அடைப்பு நோய் முற்றியவர்களில் பலருக்கு 88 முதல் 92 வரை இருந்தாலே போதுமானது. எண்ணை 98-க்கு உயர்த்த வேண்டும் என்று ஆக்சிஜனை நீங்களாகக் கூட்டினால், சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரலாம். உங்களுக்குரிய எண் எது என்பதை மருத்துவரிடம் கேட்டு, கருவியின் பெட்டி மீது எழுதி வையுங்கள்.

இனி வருவது நம் பகுதியினர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. தீ விபத்திலோ வெடி விபத்திலோ புகையைச் சுவாசித்தவருக்கு இக்கருவி 98, 99 என்று காட்டலாம், அதை நம்பக்கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த ரத்தத்தையும் ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தையும் விரல்நுனிக் கருவியால் பிரித்தறிய முடியாது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், மனக்குழப்பம், குரல் கம்முதல், மூக்கில் கரி படிந்திருத்தல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், எண் எதுவாயினும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். தனி ரத்தப் பரிசோதனையால் மட்டுமே இந்நச்சைக் கண்டறிய இயலும். செறிவு மிகுந்த ஆக்சிஜனே இதற்கு முதல் சிகிச்சை. உடலில் தீக்காயம் சிறிதாக இருக்கிறது, கருவியும் 98 காட்டுகிறது என்று யாரையும் வீட்டிலேயே வைத்திருந்துவிடாதீர்கள்.

வெயிலும் சிறிய கருவிகளும்

நம் மாவட்டத்தின் கோடை வெயில் சிறிய கருவிகளுக்குப் பகை. குளுக்கோமீட்டர் பட்டைகள் பொதுவாக 30 பாகை செல்சியசுக்குக் குறைவான இடத்தில் வைக்கப்பட வேண்டியவை. வெயிலில் நிறுத்திய இருசக்கர வாகனத்தின் பெட்டியிலோ காரிலோ விட்டு வைத்த பட்டை தவறான எண்ணைக் காட்டும். அந்த எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்றுவது ஆபத்து. பட்டைகளை அவற்றின் சொந்தக் குப்பியிலேயே மூடி வையுங்கள். பரிசோதிக்கும் முன் கையைச் சோப்பிட்டுக் கழுவி, நன்கு துடைத்துக்கொள்ளுங்கள். பழம் உரித்த விரலில் எடுத்த ஒரு துளி ரத்தம் இல்லாத சர்க்கரையைக் காட்டிவிடும்.

ரத்த அழுத்தம் பார்க்க, மணிக்கட்டில் கட்டும் சிறிய கருவியைவிட மேற்கையில் சுற்றும் கருவியே நம்பத்தக்கது. எடுத்துச் செல்ல எளிது என்பதற்காக மட்டும் மணிக்கட்டுக் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டா.

இன்ஹேலரின் கதை வேறு. 1950-களின் நடுவில் அமெரிக்க மருந்து நிறுவனத் தலைவர் ஒருவரின் ஆஸ்துமா கொண்ட மகள், வாசனைத் தெளிப்பானைப் போல மருந்தையும் ஏன் குப்பியில் அடைக்கக்கூடாது என்று கேட்டாள். அதன் விளைவாக 1956-இல் அழுத்தக் குப்பி இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. மின்சாரமோ பேட்டரியோ வேண்டாத இக்கருவியே உண்மையான கையடக்கக் கருவி. ஸ்பேசர் என்னும் குழாயை இணைத்துப் பயன்படுத்தினால், பல ஆஸ்துமா நோயாளிகளுக்கு நெபுலைசருக்கு நிகரான பயனை இது தருகிறது. "இன்ஹேலர் பழகினால் விடாது" என்ற அச்சத்தால் இதை ஒதுக்கிவிட்டு, மின்சாரத்தை நம்பியிருக்கும் நெபுலைசரைத் தேடுவோர் இன்னும் பலர். அவ்வச்சத்துக்கு அடிப்படை இல்லை. குப்பியை வெயிலில் வைக்காமலும், தீர்ந்த குப்பியைத் துளையிடாமலும் நெருப்பில் எறியாமலும் இருந்தால் போதும்.

எங்கே எடுத்துச் செல்லக்கூடாது?

நம் பகுதியில் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மருத்துவமனையில் மருந்து நோயைத் தீர்ப்பது; பட்டாசு ஆலையில் மருந்து வெடிக்கும் கலவை. அவசர சிகிச்சைப் பிரிவில் "கண்ணில் மருந்து பட்டுவிட்டது" என்று சொல்லும்போது எந்த மருந்து என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சிகிச்சை சரியாக அமையும். இடம் மாறினால் சொல்லின் பொருளும் மாறும். 'எடுத்துச் செல்லத்தக்க' என்ற சொல்லும் அப்படித்தான்: வீட்டில் பொருந்தும் அச்சொல் ஆலை வாசலில் நின்றுவிட வேண்டும்.

பட்டாசு ஆலையின் உற்பத்திப் பகுதிக்குள் கைபேசி கொண்டு செல்லக்கூடாது என்பது தொழிலாளர் அனைவரும் அறிந்த விதி. அதே எச்சரிக்கை பேட்டரியில் இயங்கும் மருத்துவக் கருவிகளுக்கும் பொருந்தும். குளுக்கோமீட்டரோ பல்ஸ் ஆக்சிமீட்டரோ சிறியது, மருத்துவர் கொடுத்தது என்பதனால் கலவை அறைக்குள் நுழைந்துவிடலாகாது. ஹோல்ட்டர் கருவியோ இன்சுலின் பம்போ அணிந்திருப்பவர், அந்நாட்களில் வேலைக்குச் செல்லும் முன் ஃபோர்மேனிடமும் மருத்துவரிடமும் கட்டாயம் கலந்து பேச வேண்டும். ஆஸ்துமா உள்ள தொழிலாளர் தம் இன்ஹேலரை அறைக்குள் கொண்டு செல்லாமல், ஆலை அலுவலகத்தில் அல்லது ஃபோர்மேன் குறிப்பிடும் பாதுகாப்பான இடத்தில், தம் பெயர் எழுதி வைக்கலாம். எங்கே இருக்கிறது என்பது உடன் வேலை செய்பவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும். வேலையால் மூச்சிரைப்பு கூடுகிறது என்றால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆக்சிஜனைப் பற்றிய எச்சரிக்கையைச் சிவகாசி மக்களுக்கு விளக்குவது எளிது. வெடியுப்பு தானாக எரிவதில்லை; அருகில் உள்ள கரியையும் கந்தகத்தையும் கடுமையாக எரியச் செய்கிறது. அது தன்னுள் இருக்கும் ஆக்சிஜனை வெளிவிடுவதே அதற்குக் காரணம். சிலிண்டரிலும் செறிவூட்டியிலும் இருந்து வருவதும் அதே ஆக்சிஜன்தான். அது எரியாது, ஆனால் மற்றவற்றை எரிய வைக்கும். பட்டாசு ஆலைகளுக்கு உரிமம் வழங்கும் மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பே எரிவாயு உருளைகளுக்கான விதிகளையும் நடைமுறைப்படுத்துகிறது என்பது தற்செயலானதன்று.

ஆகவே ஆக்சிஜன் பயன்படுத்தும் வீட்டில் இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

• அடுப்பு, குத்துவிளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் ஆகியவை நோயாளியிடமிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

• அந்த அறையில் எவரும் பீடி, சிகரெட் புகைக்கக்கூடாது. ஆக்சிஜனை நிறுத்திவிட்டு உடனே புகைப்பதும் ஆபத்தே. ஆடையிலும் போர்வையிலும் தலைமுடியிலும் ஆக்சிஜன் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

• சிலிண்டரின் வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெய், கிரீஸ் எதையும் தடவாதீர்கள். எண்ணெய்க் கையால் தொடவும் கூடாது. மூக்கினுள் வறட்சி இருந்தால் வாசலின் பூசாமல், நீர் அடிப்படையிலான களிம்பை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள்.

• சிலிண்டரை நிமிர்த்தி, சங்கிலியால் சுவரோடு பிணைத்து வையுங்கள். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் விட்டுச் செல்லாதீர்கள்.

• அவ்வீட்டில் பட்டாசையோ பட்டாசுக்குரிய வேலைப் பொருள்களையோ வைக்கவே கூடாது. குழாய் திரிப்பது, தாள் ஒட்டுவது போன்ற வேலைகளும் வேறிடத்தில் நடக்கட்டும். ஆலையிலிருந்து வந்தவர் குளித்து, உடை மாற்றிய பின்னரே நோயாளியின் அருகில் செல்லட்டும்.

• தீபாவளி நாட்களில் நோயாளியை வாசலில் அமர்த்தாதீர்கள். தெருப்பக்கச் சன்னல்களை மூடி, உள்ளறையில் இருக்கச் செய்யுங்கள்.

கைபேசியைப் பற்றி ஒரு சொல்: பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கைபேசியை அக்கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். சட்டையின் மேற்பையில் வைக்காமல், மறுபக்கக் காதில் வைத்துப் பேசினால் அச்சம் இல்லை.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

இனி 'போர்ட்டபிள்' என்று யாரேனும் ஒரு கருவியைக் காட்டினால், பணம் கொடுக்கும் முன் இக்கேள்விகளைக் கேளுங்கள். விடைகளை ஒரு தாளில் எழுதி எங்களிடம் கொண்டு வாருங்கள்.

1. இதன் எடை என்ன? நோயாளியே சுமக்க முடியுமா, இன்னொருவர் வேண்டுமா?

2. மின்சாரம் இல்லாமல் எத்தனை மணி நேரம் இயங்கும்? எங்கள் அளவில் வைத்தால் எத்தனை மணி நேரம்?

3. மருத்துவர் எழுதிய அளவை இது தருமா? உறக்கத்திலும் தருமா?

4. எவ்வளவு வெப்பம் வரை தாங்கும்? எங்கே வைக்க வேண்டும்?

5. எங்கே எடுத்துச் செல்லக்கூடாது?

6. பழுதானால் நம் ஊரில் யார் சரி செய்வார்? அதுவரை மாற்றுக் கருவி கிடைக்குமா?

விமானத்தில் செல்ல வேண்டியவர்கள் ஏழாவதாக ஒன்றையும் கேட்க வேண்டும். சொந்த ஆக்சிஜன் சிலிண்டரை விமான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. சிறிய செறிவூட்டிக்கும் முன்அனுமதியும் மருத்துவர் சான்றும் வேண்டும். பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு தாங்கும் பேட்டரியை அவர்கள் கேட்பது வழக்கம்.

கையடக்கக் கருவிகள் நம் நோயாளிகளுக்குப் பெரும் விடுதலையைத் தந்துள்ளன. மூச்சுக்குழாய் நோயோடு பேத்தியின் திருமணத்துக்குச் செல்லவும், சர்க்கரை நோயோடு நீண்ட பயணம் போகவும் இன்று முடிகிறது. அந்த விடுதலை பாதுகாப்பாக அமைய வேண்டுமானால், பெட்டியின் மேல் உள்ள சொல்லோடு நின்றுவிடாமல் உள்ளே உள்ள கருவியை அறிந்துகொள்ளுங்கள். வீடு திரும்பும் நாளில் உங்கள் கருவியை வார்டுக்கே கொண்டு வந்து, செவிலியர் முன்னிலையில் ஒருமுறை நீங்களே இயக்கிக் காட்டுங்கள். ஐயம் எதுவாயினும் அப்போதே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.